இரத்தம் சொல்லாததைத் தோல் சொன்னது

மனித உயிரணு ஒன்றில் குரோமோசோம்கள் எத்தனை என்று கேட்டால், இன்று உயர்நிலைப் பள்ளி மாணவர் எவரும் தயங்காமல் 46 என்று விடை கூறுவர். தாயிடமிருந்து 23, தந்தையிடமிருந்து 23. பரீட்சையில் இவ்விடைக்கு ஒரு மதிப்பெண் உண்டு. அந்த ஒரு மதிப்பெண் விடையைக் கண்டறிய முக்கால் நூற்றாண்டு பிடித்தது என்பதும், கண்டறிந்த சில ஆண்டுகளுக்குள்ளேயே "எந்த உயிரணுவில் எண்ணினீர்கள்?" என்ற எதிர்க்கேள்வி அதன் முன் வந்து நின்றது என்பதும் நம் பாடநூல்களில் அவ்வளவாக இடம் பெறுவதில்லை. அந்த எதிர்க்கேள்வியின் வரலாற்றையே இன்று மாணவர்களுக்குக் கூற விரும்புகிறேன். அவ்வரலாற்றின் நடுநாயகமாக நிற்பது பேலிஸ்டர்-கில்லியன் நோய் என்னும் மிக அரிய பிறவி நோய். அதனிடம் போய்ச் சேருவதற்கு முன் சற்றுத் தொலைவு நடக்க வேண்டும்.

குரோமோசோம் என்ற கிரேக்கச் சொல்லுக்கு 'நிறமுடைய உடல்' என்று பொருள். அதற்கென்று இயல்பாக நிறம் ஒன்றும் இல்லை. சாயம் ஏற்றினால் நன்றாகப் பற்றிக்கொள்ளும், அவ்வளவே. உயிரணு இரண்டாகப் பிரியும்போது அதனுள் மெல்லிய இழைகள் தோன்றி, நீளவாக்கில் பிளந்து, இரு பக்கமும் சமமாகப் பங்கிடப்படுவதை ஜெர்மானிய விஞ்ஞானி வால்தர் ஃபிளெமிங் சாயமேற்றிக் கண்டு, 1882-ஆம் ஆண்டில் விரிவாக எழுதி வெளியிட்டார். அவ்விழைகளுக்குக் குரோமோசோம் என்று பெயர் சூட்டியவர் வில்ஹெல்ம் வால்டெயர், ஆண்டு 1888. பெயர் வைத்தாயிற்று, எண்ண வேண்டியதுதான் பாக்கி. தொல்லை அங்கேதான் தொடங்கியது.

அக்காலத்தில் உடலிலிருந்து எடுத்த திசுவை மெல்லிய சீவல்களாக அறுத்து, அச்சீவல்களை நுண்நோக்கியில் வைத்துப் பார்ப்பார்கள். இடியாப்பத்தைக் கத்தியால் சீவி, இதில் எத்தனை இழை என்று எண்ணச் சொன்னால் எப்படியிருக்கும்? ஓர் இழை இரண்டாக வெட்டுப்பட்டிருக்கும். இரண்டு இழைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து ஒன்றாகத் தோன்றும். 1912-இல் பெல்ஜியத்து அறிஞர் வினிவார்ட்டர் ஆணுக்கு 47, பெண்ணுக்கு 48 என்றார். பின்னர் அமெரிக்காவில் டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்துத் தியோஃபிலஸ் பெயின்டர், அம்மாநில மனநோய் மருத்துவமனையில் விரை அகற்றப்பட்ட நோயாளிகளின் திசுவை வாங்கி ஆராய்ந்தார். மிகத் தெளிவாகத் தெரிந்த தகடுகளில் தாம் கண்டது 46 என்றுதான் 1921-இல் அவர் முதலில் எழுதினார். ஆயினும் மற்றத் தகடுகள் 48 என்பது போலக் காட்டவே, 1923-இல் 48 என்று முடிவு கட்டினார். தெளிவான சாட்சியின் சொல்லைத் தள்ளி, மங்கலான பல சாட்சிகளின் சொல்லை ஏற்ற தீர்ப்பு அது. அத்தீர்ப்பு முப்பதாண்டுக்கு மேல் உலகெங்கும் பாடமாயிற்று.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 1952-இல் டெக்ஸாஸின் கால்வெஸ்டன் நகரில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த டி. சி. ஷு என்பவரின் தகடுகளில் ஒரு நாள் குரோமோசோம்கள் தனித்தனியே அழகாகச் சிதறிக் கிடந்தன. ஏன் என்று ஆராய்ந்தார். உயிரணுக்களைக் கழுவும் உப்புநீரில் யாரோ கை தவறி நீரை மிகுதியாகக் கலந்துவிட்டார்கள்! நீர்த்த உப்புநீர் உயிரணுவினுள் புகுந்து அதை உப்பச் செய்ய, உள்ளே நெருக்கியடித்துக் கிடந்தவை விலகி நின்றன. இவ்வளவு தெளிவாகத் தெரிந்தும் ஷு 48 என்றே எண்ணி வைத்தார். விடை முன்கூட்டியே தெரிந்தவனுக்குக் கணக்குப் போடும் பொறுமை இராது என்பதை முப்பதாண்டுக்கு மேல் கணக்கு வகுப்பில் நின்ற நான் நன்கறிவேன்.

மனிதனைவிடத் தாவரங்களில் எண்ணுவோர் அந்நாளில் மிகவும் முன்னேறியிருந்தனர். நம் கோயம்புத்தூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் 1930-களில் கரும்பின் குரோமோசோம்களை ஆராய்ந்த ஜானகி அம்மாள், பிறகு இங்கிலாந்து சென்று, டார்லிங்டன் என்ற அறிஞருடன் சேர்ந்து பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் எண்ணிக்கைகளை 1945-இல் ஒரு பெருந்தொகுதியாகவே வெளியிட்டுவிட்டார். நெல்லுக்கு இத்தனை, கரும்புக்கு இத்தனை என்று அட்டவணை இருந்த காலத்தில் மனிதனுக்குரிய எண் தவறாகவே இருந்தது.

அதைத் திருத்தியவர்களும் தாவரக்காரர்களே. ஜோ ஹின் ஜியோ ஜாவாத் தீவில் 1919-இல் பிறந்த சீன வம்சத்தவர். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியரின் சிறை முகாமில் துன்புற்றவர். பின்பு ஸ்பெயினில் பயிர் ஆராய்ச்சியில் அமர்ந்தவர். விடுமுறைகளில் ஸ்வீடன் நாட்டு லுண்ட் நகருக்குச் சென்று ஆல்பர்ட் லெவான் என்பாரின் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்வார். கருவிலிருந்து எடுத்து வளர்த்த நுரையீரல் உயிரணுக்களை ஷுவின் நீர்த்த உப்புநீரில் ஊறவைத்தார். கால்சிசின் என்னும் தாவர நஞ்சினால் உயிரணுப் பிரிவினையை நடுவழியில் நிறுத்தினார். நம் செங்காந்தள் கிழங்கிலும் இதே நஞ்சுதான் இருக்கிறது. பின்பு அறுப்பதற்குப் பதிலாகக் கண்ணாடித் தகடுகளுக்கிடையே நசுக்கிப் பரப்பினார். 1955 டிசம்பர் 22-ஆம் நாள் விடியுமுன் அவர் எண்ணியபோது 46 வந்தது. மீண்டும் எண்ணினார், 46. இருநூறுக்கும் மேற்பட்ட உயிரணுக்களில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் அதே விடை. 1956-இல் இருவரும் கட்டுரை வெளியிட்டனர்.

அக்கட்டுரையில் நான் பெரிதும் மதிப்பது அவர்கள் காட்டிய அடக்கத்தை. நுரையீரல் உயிரணுவில் கண்டதை வைத்து மனிதனுக்கே 46 என்று பொதுவிதி கூற விரும்பவில்லை என்றும், ஆயினும் அதுவே இயல்பான விளக்கமாகத் தோன்றுகிறது என்றும் எழுதினார்கள். அவ்வாண்டே இங்கிலாந்தில் ஹார்வெல் என்னுமிடத்தில் ஃபோர்டு, ஹாமர்ட்டன் என்ற இருவர் வேறு திசுவில் எண்ணி அதை உறுதிப்படுத்தினர். 48 மறைந்தது. அடக்கமாகச் சொல்லப்பட்ட அந்த எச்சரிக்கையும் அதனுடன் மறைந்துபோயிற்று. ஓரிடத்தில் எண்ணினால் உடல் முழுவதையும் எண்ணியதாகும் என்ற நம்பிக்கை எல்லோர் உள்ளத்திலும் குடிகொண்டது.

எண் தெரிந்தபின் பிழையும் தெரியும் அன்றோ! 1959-ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே பாரிஸிலிருந்து செய்தி வந்தது: ஜான் லாங்டன் டவுன் என்ற ஆங்கில மருத்துவர் 1866-இல் விவரித்த மனவளர்ச்சிக் குறையுள்ள குழந்தைகளுக்கு 47 குரோமோசோம்கள், 21-ஆம் எண்ணுள்ளது இரண்டுக்குப் பதில் மூன்று. லெஜூன், கோத்தியே, டுர்பின் ஆகிய மூவர் பெயரில் அக்கட்டுரை வெளிவந்தது. அமெரிக்காவில் உயிரணு வளர்ப்பைக் கற்றுவந்து, பண வசதியில்லாத மருத்துவமனை அறையில் தம் சொந்த இரத்தத்தின் நிணநீரையும் ஒரு சேவலின் இரத்த நீரையும் ஊட்டி அவ்வுயிரணுக்களை வளர்த்தவர் மார்த் கோத்தியே என்ற அம்மையார். தகடுகளைப் படமெடுக்கக் கொண்டுபோனவர் லெஜூன். புகழ் அவருடன் போயிற்று. அம்மையாரின் பெயர் அக்கட்டுரையில் எழுத்துப்பிழையுடன் அச்சாகியிருந்தது. அவருடைய உயிரணு வளர்ப்பு முறையின்றி அக்கண்டுபிடிப்பு நிகழ்ந்திராது என்று பிரான்சின் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்து அறநெறிக் குழு எழுதிவைத்தது 2014-இல்தான். கோத்தியே 2022-இல் காலமானார்.

இனி எதிர்க்கேள்விக்கு வருவோம். அதே 1959-இல், முன்பு கூறிய ஃபோர்டு, பொலானி முதலான தம் தோழர்களுடன் ஒரு மனிதரின் உயிரணுக்களை எண்ணியபோது, சிலவற்றில் 46-உம் வேறு சிலவற்றில் 47-உம் வந்தன. எண்ணியவர் தவறவில்லை, அம்மனிதரின் உடலிலேயே இரு வகை உயிரணுக்கள் கலந்திருந்தன. இத்தகைய நிலைக்கு 'மொசைக்' என்று பெயர். நம் ஊர்ப் பழைய வீடுகளிலும் அரசாங்கக் கட்டடங்களிலும் மொசைக் தரை பார்த்திருப்பீர்கள். வெள்ளைச் சிமெண்டில் கறுப்பும் சிவப்புமாகக் கற்சில்லுகள் விரவிக் கிடக்கும். ஒரு மூலையில் நின்று பார்த்தால் கறுப்பு மிகுதி. இன்னொரு மூலையில் ஒன்றுமே இல்லாதது போலத் தோன்றும். அத்தகைய உடல் அது.

இஃது எங்ஙனம் நேரும்? நாம் யாவரும் ஓர் உயிரணுவாகத் தொடங்கியவர்கள். அது இரண்டாகி, நான்காகி, எட்டாகி, கோடி கோடியாகப் பெருகுகிறது. இப்பெருக்கத்தின் நடுவே ஒரு பிரிவினையில் குரோமோசோம் ஒன்று பங்கு தவறிவிட்டால், அந்த உயிரணுவின் வழித்தோன்றல்கள் அனைத்தும் அப்பிழையைச் சுமக்கும். மற்றவற்றின் வழித்தோன்றல்கள் செம்மையாக இருக்கும். தலைகீழாகவும் நடப்பதுண்டு. தொடக்கத்தில் எல்லா உயிரணுக்களிலும் மிகையாக இருந்த குரோமோசோமைச் சில உயிரணுக்கள் இழந்துவிட, அவற்றின் மரபு மட்டும் செம்மையாகும்.

1961-இல் இங்கிலாந்து மருத்துவர்கள் கிளார்க், எட்வர்ட்ஸ், ஸ்மால்பீஸ் ஆகியோர் ஒரு குழந்தையைப் பற்றி எழுதினர். டவுன் நோயின் அடையாளங்கள் சில முகத்திலும் உடலிலும் இருந்தன. ஆனால் குழந்தை நல்ல அறிவுள்ளது. எண்ணிப் பார்த்ததில் சில உயிரணுக்களில் 47, மற்றவற்றில் 46. நோய் உண்டா, இல்லையா என்று கேட்டுப் பழகியவர்கள், எவ்வளவு, எங்கே என்றும் கேட்கத் தொடங்கினார்கள். அதே ஆண்டில் ஹார்வெலில் சுண்டெலிகளின் மயிர்நிறத்தை ஆராய்ந்த மேரி லயன் அம்மையார், பெண்ணுடலில் உள்ள இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் ஒவ்வோர் உயிரணுவிலும் ஏதேனும் ஒன்று உறங்கிவிடுகிறது என்று காட்டினார். எனவே, இவ்வுரையைக் கேட்கும் மாணவியர் அனைவரும் ஒருவகையில் மொசைக் தரைகளே. கறுப்பும் செம்பழுப்பும் திட்டுத் திட்டாகக் கலந்த பூனையைத் தெருவில் கண்டால் இதை நினைவு கொள்ளலாம்.

இந்தக் கட்டத்தில் நம் கதைக்குள் ஓர் அவரை இனத்து விதை நுழைகிறது. வடநாட்டார் ராஜ்மா என்று சமைத்துண்ணும் சிவப்புக் காராமணி போன்ற பயற்றிலிருந்து எடுக்கும் ஒரு சாறு, சிவப்பணுக்களைத் திரளச் செய்து பிரித்தெடுப்பதற்கு ஆய்வுக்கூடங்களில் பயன்பட்டு வந்தது. அச்சாறு இரத்தத்தின் வெள்ளணுக்களைப் பிரிந்து பெருகும்படி தூண்டுகிறது என்று 1960-இல் ஃபிலடெல்ஃபியா நகரத்துப் பீட்டர் நோவல் கண்டார். அதுவரையில் குரோமோசோமை எண்ண வேண்டுமானால் தோலை வெட்டியெடுக்க வேண்டும், அல்லது எலும்பைத் துளைத்து மச்சையை எடுக்க வேண்டும். இனி அத்துன்பம் இல்லை. கையில் ஊசி போட்டுச் சிறிது இரத்தம் எடுத்தால் போதும். பயற்றுச் சாற்றைச் சேர்த்து மூன்று நாள் காத்திருந்தால் எண்ணத் தக்க உயிரணுக்கள் கிடைக்கும். அவ்வாண்டே மூர்ஹெட் முதலியோருடன் சேர்ந்து நோவல் இம்முறையை வகுத்து வெளியிட்டார். உலகம் முழுவதும் அது பரவியது. குழந்தைக்கு ஏதோ குறை என்றால் இரத்தம் எடு, எண்ணு என்பது வழக்கமாயிற்று. எளிமையான நன்முறை, பல்லாயிரம் குடும்பங்களுக்கு விடை தந்த முறை. அதை நான் குறை கூறவில்லை. ஆனால் பள்ளிக்கு வந்த ஆய்வாளர் வாசலையடுத்த வகுப்பை மட்டும் பார்த்துவிட்டு, இப்பள்ளியில் குறையொன்றும் இல்லை என்று பதிவேட்டில் எழுதிச் செல்வதுண்டே, அது போன்ற நிலையும் அதனால் ஏற்பட்டது.

அமெரிக்காவின் மன்டானா மாநிலத்தில் மலைகளுக்கிடையே போல்டர் என்றொரு சிற்றூர் உண்டு. மனவளர்ச்சிக் குறையுற்றோரை வைத்துப் பராமரிக்கும் அரசு இல்லம் அங்கே இருந்தது. அந்நாளில் அத்தகைய இல்லங்களில் விடப்பட்டவர்களை, 'மூளை வளராதவர்' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிட்டு, அதன்பின் யாரும் உற்று நோக்குவதில்லை. அங்கு மருத்துவராயிருந்த ஃபிலிப் பேலிஸ்டர் உற்று நோக்கினார். இவருக்கு ஏன் இந்த முகம், இவருக்கு ஏன் இந்த விரல் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியே பார்த்துக் குறித்துவைத்தார். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் ஓப்பிட்ஸ் என்ற மரபியல் அறிஞர் அவருக்குத் துணை நின்றார். பெரிய நகரத்துப் பெரிய மருத்துவமனைகளுக்குத் தோன்றாத நோய்கள் அந்த மலையூரில் ஒன்றன்பின் ஒன்றாகப் பெயர் பெற்றன.

அவ்வில்லத்துப் பணியின் விளைவாக 1977-இல் பேலிஸ்டரும் அவர்தம் குழுவினரும் ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் பற்றி எழுதினர். இருவரும் வயது வந்தவர்கள், உறவினர் அல்லர். ஆயினும் முகச்சாயல், தளர்ந்த தசை, கடுமையான மனவளர்ச்சிக் குறை ஆகியவை இருவரிடமும் ஒத்திருந்தன. இவர்கள் தோலிலிருந்து வளர்த்த உயிரணுக்கள் பலவற்றில் மிகையாக ஒரு சிறு குரோமோசோம் காணப்பட்டது. மற்றவை செம்மையாக இருந்தன. மொசைக்!

நான்காண்டுகள் கழித்து, 1981-இல், ஆஸ்திரியாவின் தலைநகராகிய வியன்னாவிலிருந்து மரியா டெஷ்லர்-நிக்கோலா என்ற மானிடவியல் அறிஞரும் வொல்ஃப்காங் கில்லியன் என்ற மருத்துவரும் ஒரு சிறுமியைப் பற்றி எழுதினர். அவர்கள் பேசியது அச்சிறுமியின் மனவளர்ச்சிக் குறையையும், வழக்கத்துக்கு மாறான முகத்தையும், முடியையும் பற்றியே. இந்நோயுள்ள குழந்தைகளுக்கு நெற்றி உயர்ந்திருக்கும், கண்கள் விலகியிருக்கும், நெற்றிப்பொட்டின் இரு பக்கத்திலும் முடி மிக அருகியிருக்கும். ஐரோப்பிய மருத்துவர்கள் இதைக் கில்லியன் பெயராலும் டெஷ்லர்-நிக்கோலா பெயராலும் வழங்கினார்கள். அமெரிக்கர்கள் பேலிஸ்டர் பெயரால் வழங்கினார்கள். இரண்டும் ஒன்று என்பது 1980-களின் நடுப்பகுதியில்தான் தெளிவாயிற்று. 1987-இல் ரேனால்ட்ஸ் முதலியோர் பதினொரு நோயாளிகளைப் பற்றி எழுதிய கட்டுரையில் இரு பெயர்களும் இணைந்து நிற்கக் காண்கிறோம்.

ஒன்று என்று தெரிய ஏன் இத்தனை தாமதம்? இக்குழந்தைகளின் இரத்தத்தை எடுத்துப் பயற்றுச் சாறு சேர்த்து எண்ணினால், பெரும்பாலும் 46 என்றே வரும்! நூறு உயிரணுக்களைப் பார்த்தால் ஒன்றோ இரண்டோ மாறுபட்டிருக்கலாம். பல வேளைகளில் அதுவும் இராது. அதே குழந்தையின் தோலில் சிறு துணுக்கெடுத்து வளர்த்தால் மாறுபட்ட உயிரணுக்கள் ஏராளமாகத் தோன்றும். ஆய்வுக்கூடம் பொய் சொல்லவில்லை. இரத்தத்தைக் கேட்டார்கள், இரத்தம் தனக்குத் தெரிந்ததைச் சொன்னது.

மிகையாக உள்ள அந்தச் சிறு குரோமோசோமின் இயல்பையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு குரோமோசோமுக்கும் இடை போன்ற ஒரு குறுகலும், அதன் இரு புறமும் இரு கைகளும் உண்டு. ஒன்று குறுங்கை, மற்றொன்று நெடுங்கை. பிரிவினையின்போது நீளவாக்கில் பிளக்க வேண்டிய குரோமோசோம், எப்போதாவது இடையில் குறுக்காகப் பிளந்துவிடும். அப்போது இரண்டு குறுங்கைகள் ஒன்றோடொன்று கண்ணாடிப் பிம்பம் போல ஒட்டிக்கொண்டு ஒரு தனிக் குரோமோசோமாகிவிடுகின்றன. பேலிஸ்டர்-கில்லியன் நோயில் காணப்படுவது 12-ஆம் குரோமோசோமின் குறுங்கை இரட்டித்த இத்தகைய துண்டு. எனவே நோயுற்ற உயிரணுவில் அக்குறுங்கை இரண்டுக்குப் பதில் நான்காக இருக்கிறது. இதை அடையாளம் காண்பதற்கு எண்ணிக்கை மட்டும் போதாது. குரோமோசோமின் உடலில் வரிவரியாகப் பட்டைகள் தோன்றும்படி சாயமேற்றும் கலை வேண்டும். அக்கலை ஸ்வீடனில் காஸ்பர்சன், செக் ஆகியோர் முயற்சியால் 1970-ஐ ஒட்டித்தான் பிறந்தது. பேலிஸ்டர் பத்தாண்டு முன்னதாக எழுதியிருந்தால் அந்தத் துண்டு எந்தக் குரோமோசோமைச் சேர்ந்தது என்று எவராலும் அறிந்திருக்க இயலாது.

இரத்தம் ஏன் மறைக்கிறது? மிகைச் சுமையுள்ள உயிரணுக்கள் விரைந்து பிரியும் ஓட்டத்தில் பின்தங்குகின்றன என்பதே விளக்கம். இரத்தத்தின் உயிரணுக்கள் ஓயாமல் புதுப்பிக்கப்படுபவை. ஆண்டுகள் செல்லச் செல்லச் செம்மையான மரபு பெருகுகிறது. மாறுபட்ட மரபு அருகிப்போகிறது. போதாக்குறைக்கு, பயற்றுச் சாற்றால் தூண்டிவிட்டு மூன்று நாள் ஓடவிடும்போது எஞ்சியவையும் பின்தங்கிவிடுகின்றன. தோலின் ஆழத்திலுள்ள உயிரணுக்களோ மெல்லப் பிரிபவை; பழைய கணக்கைப் பத்திரமாக வைத்திருக்கின்றன.

தோல் இத்தகைய சாட்சி என்பதற்கு முற்காலத்திலேயே குறிப்பு இருந்தது. பெர்லின் நகரத்துத் தோல் மருத்துவர் ஆல்ஃபிரட் பிளாஷ்கோ, மறுக்களும் நிறத்திட்டுகளும் சில நோயாளிகளின் உடலில் ஓர் ஒழுங்கான கோலத்தில் அமைந்திருப்பதைக் கண்டார். முதுகில் அம்புமுனை போலவும் விலாவில் வளைவாகவும் ஓடிய அக்கோடுகளைப் படமாக வரைந்து 1901-இல் வெளியிட்டார். நரம்பின் வழியா, இரத்தக் குழாயின் வழியா என்றால் இரண்டுமில்லை. கருவில் தோலின் உயிரணுக்கள் பெருகிப் பரந்த பாதைகளே அவை என்றும், இரு வகை உயிரணுக்கள் கலந்த உடலில் அப்பாதைகள் நிறவேறுபாடாக வெளித்தோன்றுகின்றன என்றும் 1970-களில்தான் புரிந்தது. பேலிஸ்டர்-கில்லியன் நோயுள்ள குழந்தைகள் பலரின் தோலிலும் வெளிறியனவும் கருத்தனவுமான கீற்றுகள் உண்டு. விடை கண்ணுக்குத் தெரியும்படி உடலின்மேல் எழுதியிருக்க, ஊசி வழியே இரத்தத்தில் தேடிக்கொண்டிருந்தார்கள்!

இதனால் யாருக்கு என்ன நட்டம் என்று மாணவர் ஒருவர் கேட்கக்கூடும். நல்ல கேள்வி. இந்நோய்க்கு மருந்தில்லை. இக்குழந்தைகளில் பலர் பேசுவதில்லை, நடக்கப் பல ஆண்டுகள் ஆகும், நடவாமலே இருப்போரும் உண்டு, வலிப்பு வரும், செவிப்புலன் குறையும், சிலருக்கு மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தில் ஓட்டை இருந்து, பிறந்தவுடனே உயிருக்கு ஆபத்தாகிறது. அப்படியாயின் பெயர் தெரிந்து என்ன பயன்? வலிப்பையும் செவியையும் முன்கூட்டியே கவனிக்கலாம் என்பது ஒரு பயன். அதனினும் பெரியது வேறொன்று. பரிசோதனையில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று எழுதித் தந்துவிட்டால், குறைக்குக் காரணம் எங்கே என்று உற்றாரும் ஊராரும் தேடத் தொடங்குவார்கள். தேடல் பெரும்பாலும் தாயிடம் வந்து முடியும். பிரசவத்தில் கவனக்குறைவு, கிரகணத்தன்று வெளியே போனாள், பாலூட்டத் தெரியவில்லை என்று நம் ஊரில் சொல்லாத காரணம் உண்டா? உண்மையில் இந்தத் துண்டு பெரும்பாலும் கருமுட்டை உருவாகும் கட்டத்தில் தற்செயலாக நேர்ந்த பிழையிலிருந்து பிறக்கிறது. பெற்றோரின் குரோமோசோம்கள் செம்மையாகவே இருக்கும். அடுத்த குழந்தைக்கும் இது வருவதென்பது மிக மிக அரிது. இந்த ஒரு செய்தியைக் கேட்பதற்காகப் பல்லாண்டு காத்திருந்த பெற்றோர் உலகில் உண்டு. மருத்துவ ஏடுகளில் பதிவானோர் சில நூறு பேரே. இரத்தத்தை மட்டும் எண்ணி அனுப்பப்பட்டவர் எத்தனை பேரோ!

இப்போது முறைகள் மாறியுள்ளன. குறிப்பிட்ட குரோமோசோம் பகுதியில் மட்டும் ஒளிரும் வண்ணம் ஒட்டும்படி செய்யும் முறை வந்தபின், கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் மெல்லத் தடவி எடுத்த உயிரணுக்களிலேயே இந்நோயைக் காண முடிகிறது. தோலை வெட்ட வேண்டியதில்லை. இந்த நூற்றாண்டில் இரத்தத்தை வளர்க்காமல் அதிலிருந்து நேரே டி.என்.ஏ. எடுத்து அளக்கும் முறையும் வந்திருக்கிறது. மூன்று நாள் ஓட்டம் இல்லாமையால், குழந்தை சிறியதாயிருந்தால், இரத்தமும் சில வேளைகளில் உண்மையைக் கூறிவிடுகிறது.

எதிர்த் திசையிலும் ஒரு பாடம் கிடைத்தது. 1983-இல் கனடாவின் வான்கூவர் நகரத்து டாக்மர் கலூசெக்கும் ஃபிரெட் டில்லும், நஞ்சுக்கொடியில் மாறுபட்ட உயிரணுக்கள் இருந்தும் குழந்தை செம்மையாக இருக்கக்கூடும் என்று காட்டினர். கருவில் குழந்தை இருக்கும்போதே நஞ்சுக்கொடியின் திசுவை எடுத்துச் சோதிக்கும் முறை பரவிவந்த காலம் அது. அங்கே மிகைக் குரோமோசோமைக் கண்டு குழந்தைக்கும் அதுவே என்று தீர்மானித்தால் பெரும்பிழையாகலாம். ஆதலால் அத்தகைய விடை வந்தால் கருவைச் சூழ்ந்த நீரிலிருந்தும் உயிரணு எடுத்து எண்ணிப் பார்க்கிறார்கள். 1956-இல் ஜியோவும் லெவானும் தயங்கிய தயக்கம் இவ்வாறு கால் நூற்றாண்டு கழித்து ஆய்வுக்கூடத்து வழக்கமாயிற்று.

போல்டரில் இருந்த அந்த இருவரைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். இந்நோயை முகம் பார்த்து அறிவது கைக்குழந்தைப் பருவத்தில்தான் எளிது. ஐந்தாறு வயதுக்குள் நெற்றிப்பொட்டில் முடி வளர்ந்துவிடும். பின்னர் முகம் தடித்து, குழந்தைப் பருவத்துச் சாயல் மறையும். இரத்தத்தின் சாட்சியோ வயதேற ஏற அழிந்துபோகும். பேலிஸ்டர் பார்த்த இருவரும் அந்தப் பருவத்தையெல்லாம் இல்லத்திலும் வெளியிலுமாகக் கடந்து, முழு வளர்ச்சி பெற்ற பின்னரே அவர் கண்ணில் பட்டார்கள். அவர்கள் பெயர்களை ஏடுகள் குறிக்கவில்லை.